ஒன்றுக்கு ஒன்று

சுமியேயின் வாய்க்குப் பூட்டு கிடையாது என்பது ஜப்பானின் ஓகித் தீவில் எல்லாருக்கும் தெரியும். பதினான்கு வருடமாகச் சுற்றுலாப் பேருந்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பவள். துறைமுகத்தில் கப்பல் பயணிகளை ஏற்றிக்கொண்ட நிமிடமே ஆரம்பித்துவிடுவாள். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் இந்தத் தீவுக்கு நாடு கடத்தப்பட்ட சக்கரவர்த்தி எந்தப் பாறையில் உட்கார்ந்து அழுதார், கன்றுக்குட்டிகள் முட்டிக்கொள்வதைப் பார்த்து எப்படி முதல் தடவையாகச் சிரித்தார் என்றெல்லாம், ஏதோ பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுவாள். அவரைச் சிரிக்க வைக்கத்தான் தீவுக்காரர்கள் மாடுகளை மோதவிடத் தொடங்கினார்கள் என்று முடிக்கும்போது பயணிகளில் பாதிப் பேருக்குக் கண் கலங்கியிருக்கும்.

ஆனால் அந்தப் பேச்சில் ஒரே ஒரு வரி மட்டும் மூன்று வருடமாகக் காணவில்லை. 'எங்க தீவுல மாடு முட்டினாலும் சரி, மனுஷன் மல்லுக்கு நின்னாலும் சரி, தோத்தவங்கன்னு யாரும் கிடையாது' என்ற வரி. மாட்டு மைதான வளைவில் பேருந்து திரும்பியதும் சொல்ல வேண்டியது. அந்த வளைவு வந்தாலே அவளுக்கு இருமல் வந்துவிடும். ஓட்டுநரும் விவரமானவர். சரியாக அந்த நேரத்தில் ஹாரனை அடித்து விஷயத்தை மூடிவிடுவார்.

காரணம் அவளுடைய வீட்டுக்காரனும் கூடப்பிறந்தவனும்தான்.

வீட்டுக்காரன் இசாமு மலையடிவாரத்துக் கிஷிதானியில் மாடு வளர்ப்பவன். அண்ணன் தோராஜி ஹமனோவில் கணவாய் பிடிக்கும் படகு வைத்திருப்பவன், ஆசைக்கு ஒரு மாடும் வளர்த்தான். இரண்டு ஊருக்கும் நடுவே நாலு மைல்தான். மூன்று வருடத்துக்கு முன்பு, பயணிகளுக்காக நடக்கும் பந்தயத்தில் இசாமுவின் கருமுகிலும் தோராஜியின் பேரலையும் மோதின. பயணிகளுக்காக நடக்கும் மோதலில் வெற்றி தோல்வி கிடையாது. மாடுகள் கொம்பு கோத்துக் கொஞ்ச நேரம் தள்ளும். ஒரு பக்கம் கை ஓங்குகிறது என்று தெரிந்ததும் மூக்கணாங்கயிற்றைப் பிடித்திருப்பவர்கள் இரண்டு பக்கமும் இழுத்துப் பிரித்துவிட வேண்டும். இசாமு அன்றைக்கு என்ன செய்தான் என்றால், முன்வரிசையில் கேமராவோடு நின்ற நாலு பெண்களைப் பார்த்து, கயிறு கையில் இருப்பதையே மறந்து, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான். அந்த நாலு நொடியில் கருமுகில் பாய்ந்துவிட்டது. பேரலை திரும்பிக்கொண்டு ஓடியது. வேலியைத் தாண்டி, ஐஸ்கிரீம் கடையைச் சாய்த்து, கடற்கரை வரைக்கும் போய்த்தான் நின்றது.

ஒரு தடவை புறம் காட்டி ஓடிய மாடு அதற்கப்புறம் கொம்பு கோக்காது. பேரலையும் கோக்கவில்லை. தோட்டத்தில் புல் மேய்ந்துகொண்டு, வேறு மாட்டைக் கண்டால் தோராஜியின் முதுகுக்குப் பின்னால் வந்து ஒளிந்துகொண்டது. தோராஜிக்கு வயிறு எரிந்தது. இசாமு அன்றைக்கே போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவனோ, "மாடு பாஞ்சா நான் என்ன பண்றது, மச்சான்?" என்றான். தோராஜி, "கயிறு பிடிக்கத் தெரியாதவனுக்கு என் வீட்டு வாசல்ல என்ன வேலை?" என்றான். அவ்வளவுதான். அன்றோடு போக்குவரத்து நின்றது. 'வாசல்' என்று அண்ணன் சொன்னதில் தானும் சேர்த்தியா என்று சுமியே கேட்கவும் இல்லை, அவன் சொல்லவும் இல்லை. மூன்று வருடமாகப் பிறந்த வீட்டுப் படி மிதிக்காமல் இருந்தாள். ஊருக்கே வழி காட்டுகிறவளுக்கு நாலு மைல் போக வழி தெரியவில்லை. கோபம் அண்ணன் மேலா, புருஷன் மேலா என்று அவளாலேயே பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டு கழுதைகளுக்கும் சேர்த்து ஒரே கோபமாக வைத்திருந்தாள்.

இந்த வருடம் கிஷிதானிக் கோயிலுக்குக் கூரை மாற்றினார்கள். அப்படி ஏதாவது நல்லது நடந்தால்தான் ஓகியில் பழைய முறை மல்யுத்தம் நடத்துவார்கள். விழா நடத்தும் ஊர் ஒரு பக்கம், சுற்றுப்பட்டு ஊர்கள் மறுபக்கம். முதல் நாள் சாயங்காலம் தொடங்கி, மறுநாள் மத்தியானம் வரை சோடி சோடியாக முந்நூறு பேர் மோதுவார்கள். கடைசி மோதல் இரண்டு பக்கத்து முதல் வீரர்களுக்கும். கிஷிதானியின் முதல் வீரன் இசாமு. எதிர்ப்பக்கத்தின் முதல் வீரன் தோராஜி. பெரியவர்கள் வேண்டுமென்றே கோத்துவிட்டார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அதெல்லாம் இல்லை. அந்த இரண்டு பேரைத் தவிர அவ்வளவு உடம்பு வேறு யாருக்கும் கிடையாது.

கடைசி மோதலில் நிற்கும் இருவருக்கும் பரிசு, மேடையின் கூரையைத் தாங்கி நிற்கும் தூண்கள். ஆளுக்கு ஒன்றாகப் பிடுங்கி, வீரனை அதன் மேல் உட்காரவைத்து, ஊர்க்காரர்கள் தோளில் சுமந்து பாடிக்கொண்டே போவார்கள். வீட்டுக் கூரைச் சரிவுக்குக் கீழே அதைக் கட்டிவிடுவார்கள். தலைமுறைக்கும் அது அங்கேயே இருக்கும். சுமியேக்கு ஒன்பது வயதில் அவளுடைய அப்பா அப்படியொரு தூண் கொண்டுவந்தார். அவர்கள் வீட்டுப் பழக்கம், தூண் தரையில் இறங்கியதும் அந்த வீட்டில் பிறந்த பெண்தான் அதன் அடியில் முதல் கிண்ணம் சாகே மதுவை ஊற்ற வேண்டும். அன்றைக்கு ஊற்றிய சிவப்புக் கிண்ணத்தின் கனம் இன்னும் அவள் கையில் இருந்தது. இன்றைக்கு அண்ணனும் ஒரு தூண் கொண்டுபோவான். யார் ஊற்றப்போகிறார்கள் என்ற நினைப்பிலேயே அவள் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

காலை பதினொரு மணிக்குப் பேருந்தில் வந்த பதினெட்டுப் பயணிகளோடு மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஆளுக்கு ஒரு பை உப்பு கொடுத்தாள். ராத்திரியெல்லாம் இறைத்த உப்பில் மேடை வெள்ளை வெளேரென்று கிடந்தது.

"இதை என்னம்மா பண்றது?" என்றாள் ஒசாகாவிலிருந்து வந்திருந்த ஒரு பருமனான அம்மாள். காலையிலிருந்து ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, எழுதுகிற வேகத்திலேயே கேள்வியும் கேட்டுக்கொண்டிருந்தவள்.

"உங்களுக்குப் பிடிச்ச ஆள் மேல வீசுங்க. கஞ்சத்தனம் பார்க்காதீங்க."

"நீங்க யாரு மேல வீசப் போறீங்க?"

"எனக்கு ரெண்டு கை இருக்கு," என்றாள் சுமியே.

நடுவர் ஹமாஜி விசிறியைத் தூக்கிக்கொண்டு ஏறினார். தீவின் முடிதிருத்துபவர் அவர். பட்டு உடுப்பில் பார்த்தால் ஏதோ பிரபு மாதிரி இருப்பார். வாயைத் திறந்தால்தான் தெரியும், அவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் துறைமுகத்துக்குப் போய்விடும் என்று.

முதல் மோதல் நிஜமான மோதல். இரண்டு உடம்பும் முட்டிய சத்தத்தில் கோயில் புறாக்கள் எழும்பிப் பறந்தன. தோராஜி தள்ளினான், இசாமு பின்வாங்கினான். கயிற்று வளையத்தின் ஓரம் வரைக்கும் போய், இசாமுவின் குதிகால் கயிற்றில் உட்கார்ந்தது. கிஷிதானிக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். அந்த நொடியில் இசாமு இடுப்பைத் திருப்பி ஒரு சுழற்று சுழற்றினான். தோராஜி உப்பிலும் மண்ணிலும் உருண்டு எழுந்தான். உப்பு மழை கொட்டியது. ஒசாகா அம்மாள் பையையே தூக்கி வீசிவிட்டாள். அது ஹமாஜியின் தொப்பியில் பட்டது.

"முடிஞ்சுதா? மலைக்காரர்தானே ஜெயிச்சார்?" என்று நோட்டைத் திறந்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கும்மா. ஜெயிச்சவர் அடுத்ததுல விட்டுக்கொடுக்கணும். ஒண்ணுக்கு ஒண்ணு. ஊருக்கு ஊர் மனசுல எதுவும் தங்கக் கூடாதுன்னு."

"அப்போ ரெண்டாவது சும்மா நாடகமா?"

"ஐயோ, சத்தமா சொல்லிடாதீங்க," என்றாள் சுமியே. "விட்டுக்கொடுக்கிறது ஜெயிக்கிறதைவிடக் கஷ்டம். தானா விழுந்தா எதிராளிக்கு அவமானம். அவர் தூக்கிப் போட்டாத்தான் விழணும்."

சொல்லும்போதே அவளுக்கு அது உறைத்தது. விட்டுக்கொடுக்க வேண்டியவன் யார்? கயிற்றை இழுக்க மறந்த அதே ஆள். அண்ணன் என்ன நினைத்துக்கொண்டு அந்த மேடையில் நிற்கிறான் என்று அவளுக்குத் தெரியாதா?

இரண்டாவது மோதல் தொடங்கியது. முட்டினார்கள், இடுப்புத் துணியைப் பற்றிக்கொண்டார்கள். இசாமு வாகாக உடம்பைத் தளர்த்திக் கொடுத்தான். தோராஜி தள்ளவில்லை. தூக்கவில்லை. கற்பாறை மாதிரி அப்படியே நின்றான். இசாமு பின்னால் ஒரு அடி வைத்தான். தோராஜி அவனை இழுத்து நடுவிலேயே நிறுத்தினான்.

கூட்டம் முதலில் ஆர்ப்பரித்தது. பிறகு குழம்பியது. ஒரு நிமிடம் போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று.

"என்ன நடக்குது?" என்றாள் ஒசாகா அம்மாள்.

"பலத்தைச் சோதிச்சுப் பார்க்கிறாங்க," என்றாள் சுமியே தன் பேருந்துக் குரலில். "மிகவும் நுணுக்கமான கட்டம்."

நுணுக்கமாவது மண்ணாவது. அவள் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது, அண்ணனின் வாய் அசைகிறது. அப்புறம் புருஷனின் வாய். தோளில் தாடையைப் புதைத்துக்கொண்டு இரண்டு பேரும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று வருடமாக ஒருத்தர் வரும் தெருவில் இன்னொருத்தர் வராதவர்கள். இப்போது பிடியை விட்டால் தோல்வி என்பதால் எவனும் விலகிப் போகவும் முடியவில்லை. சுற்றிலும் இரண்டாயிரம் பேர்.

"இன்னும் இருக்கு! இன்னும் இருக்கு!" என்று மோதலை முடுக்கிக் கத்திக்கொண்டே சுற்றிவந்த ஹமாஜியின் குரல் தேய்ந்துகொண்டே போனது. அவர் குனிந்து குனிந்து அவர்கள் பக்கமாகவே காதைக் கொடுத்தார். ஒரு கட்டத்தில் விசிறியால் வாயை மூடிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

"நடுவர் சிரிக்கிற மாதிரி இருக்கே?"

"உணர்ச்சிவசப்பட்டுட்டார்," என்றாள் சுமியே.

தோராஜியின் முகம் சிவந்தது. எதையோ கேட்டான். இசாமு மாட்டேன் என்று தலையாட்டினான். மாட்டேனா! சுமியே கையிலிருந்த உப்பைக் கசக்கினாள். கெட்டது குடி, இந்தத் தடவையும் கயிற்றை இழுக்கமாட்டேன் என்கிறானே படுபாவி. பேருந்தில் தூங்குகிறவர்களை எழுப்புகிற தொண்டையில் அவளையறியாமல் கத்திவிட்டாள்.

"ஏய்! ரெண்டு பேரும் சீக்கிரம் முடிங்க! பஸ்ஸு கிளம்பணும்!"

கோயில் வளாகமே சிரித்தது. தோராஜி ஒரு வார்த்தை சொன்னான். இசாமுவின் முகம் அப்படியே மலர்ந்தது. அடுத்த நொடி தோராஜி அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமலோடு அவனைத் தூக்கினான். இசாமுவின் இரண்டு காலும் வானத்தைப் பார்த்தன. கேமராக்காரர்கள் நின்றிருந்த பக்கமாக, எல்லாருக்கும் படம் கிடைக்கும்படி, மேடையிலிருந்து மல்லாக்க வந்து விழுந்தான்.

சுமியே இரண்டு கை உப்பையும் சேர்த்து வீசினாள். எது யார் மேல் விழுந்ததோ, அவளுக்குத் தெரியாது. கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. உப்பு பட்டுவிட்டது என்று ஒசாகா அம்மாளிடம் சொன்னாள்.

தூண்களைப் பிடுங்கினார்கள். முப்பது முப்பது பேராகத் தோள் கொடுத்தார்கள். ஹமனோக்காரர்கள் தூணின் மேல் தோராஜி, நெற்றியில் மண்ணோடு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். பாட்டு கிளம்பியது. ஊர்வலம் பேருந்து நின்ற இடத்தைக் கடந்துதான் போக வேண்டும். சுமியே வழிகாட்டிக் கொடியைப் பிடித்துக்கொண்டு கதவருகில் நின்றாள். அண்ணன் நேராகக் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான். அவள் பக்கம் திரும்பவில்லை. தூணின் முனை அவளைக் கடந்தது. தோராஜியும் கடந்தான்.

சரி, அவ்வளவுதான் என்று பேருந்துப் படியில் காலை வைத்தாள்.

"நிறுத்துங்கடா!" என்றான் தோராஜி. முப்பது பேரும் ஒருத்தர் மேல் ஒருத்தர் மோதி நின்றார்கள். அவன் திரும்பாமலேயே கேட்டான். "ஏ பஸ்காரி! தூணுக்கு சாகே ஊத்த ஆள் வேணும். வர்றியா, இல்ல டிக்கெட் எடுத்துக் கூப்பிடணுமா?"

"அதான் வீட்டுல அண்ணி இருக்காங்களே."

"அண்ணி பொறந்த வீடா அது?"

"மூணு வருஷமா நான் பொறந்த வீடு எங்க போச்சாம்?"

தோராஜி இப்போது திரும்பினான். "நீ ஏன் வரல? நான் கயிறு பிடிக்கத் தெரியாதவனைத்தானே சொன்னேன். உன்னைச் சொன்னேனா? வாய் கிழியப் பேசுறவ, இதை ஒரு வார்த்தை கேக்கக் கூடாது?"

சுமியேக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. "டூட்டில இருக்கேன். பஸ்ஸுல பதினெட்டுப் பேர் இருக்காங்க."

"நாங்களும் வரோம்!" என்று உள்ளேயிருந்து ஒசாகா அம்மாள் கத்தினாள். "இது திட்டத்துல இருக்கா இல்லையான்னெல்லாம் பார்க்காதீங்க!"

பின்னால் இசாமுவின் தூணும் வந்து நின்றது. அவன் அதன் மேல் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "முதல்ல மச்சான் வீட்டுக்குப் போங்கடா," என்றான் தன்னைச் சுமந்தவர்களிடம்.

"நாலு மைல் இருக்குண்ணே!"

"என்னைச் சுமக்கிறதுன்னு ஆயிடுச்சு. நாலு மைலென்ன, எட்டு மைலென்ன?"

அப்படித்தான் அன்றைக்கு ஹமனோ வரைக்கும் ஒரு விசித்திரமான ஊர்வலம் போனது. முன்னால் கொடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுமியே. பின்னால் பதினெட்டுப் பயணிகள், இரண்டு தூண், இரண்டு ஊர், கடைசியில் ஹாரன் அடித்துக்கொண்டே காலிப் பேருந்து. மாட்டு மைதான வளைவு வந்தது. அவளுக்கு இருமல் வரவில்லை.

பக்கத்தில் ஹமாஜி மூச்சு வாங்க ஓடிவந்து சேர்ந்துகொண்டார். "சுமி, மேடையில என்ன பேசினாங்கன்னு தெரியுமா?"

"சொல்லாதீங்கன்னு சொன்னா சொல்லாம இருப்பீங்களா?"

"இருக்கமாட்டேன்," என்றார் ஹமாஜி. "முதல்ல உங்கண்ணன், 'நீ போடுற பிச்சை எனக்கு வேணாம், நான் தள்ளமாட்டேன்'னான். உன் வீட்டுக்காரன், 'மச்சான், கயித்தை விட்டது நான்தான், பழியை மாடு மேல போட்டுட்டேன், தப்பு என்னோடது'ன்னான். அதுக்கு இவன், 'மூணு வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே'ன்னு கேட்டான். அப்புறம், 'என் மாடு கேமரா முன்னாடி ஓடுச்சு, நீயும் கேமரா பக்கமா விழணும்'னான். சரின்னுட்டான்."

"சரின்னா அப்புறம் எதுக்கு மாட்டேன்னு தலையாட்டினார்?"

"அதைச் சொல்லத்தானே ஓடிவரேன். 'சரி, விழு'ன்னான் உங்கண்ணன். உன் ஆளு, 'மாட்டேன். தூணுக்கு சாகே ஊத்த சுமியைக் கூப்பிடு, அப்பத்தான் விழுவேன். இல்லேன்னா பொழுது சாயுற வரைக்கும் இங்கேயே நிப்பேன்'னான்."

சுமியே நடையை நிறுத்தவில்லை. ஆனால் கொடி கொஞ்சம் கீழே இறங்கியது.

"அதுக்கு அண்ணன்?"

"வீட்டுக்குப் போனா நீயே பாரு," என்றார் ஹமாஜி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு செய்தியைப் பாதியில் நிறுத்தினார்.

பிறந்த வீட்டு முற்றத்தில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் தட்டு. தட்டில் புது சாகே பாட்டில், பக்கத்தில் துடைத்துப் பளபளவென்று வைத்த அந்தச் சிறிய சிவப்புக் கிண்ணம். ஒன்பது வயதில் இரண்டு கையாலும் பிடித்த கிண்ணம்.

"ஒரு வாரமா இதைத் துடைச்சு வைன்னு உயிரை வாங்கிட்டார்," என்றாள் அண்ணி. "இன்னைக்கு ஜெயிச்சாலும் தோத்தாலும் தங்கச்சியைக் கூட்டிட்டு வந்துடுவேன்னார். ஆனா வாயைத் திறந்து கூப்பிட மட்டும் வராது உங்கண்ணனுக்கு."

சுமியே தோராஜியைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தூணிலிருந்து இறங்கி, மேலே கூரையில் எதையோ தேடுவது மாதிரி அண்ணாந்து நின்றான். அவன் காது மடல் சிவந்திருந்தது. மேடையில் அண்ணன் சொன்ன வார்த்தை இந்தக் கிண்ணத்தைப் பற்றித்தான், இசாமுவின் முகம் மலர்ந்தது அதனால்தான் என்று அவளுக்கு அப்போது புரிந்தது.

கிண்ணத்தை நிரப்பினாள். ஒன்பது வயதில் பெரிதாக இருந்தது, இப்போது உள்ளங்கைக்குள் அடங்கியது. கனம் மட்டும் குறையவில்லை. தூணின் அடியில் ஊற்றினாள். இரண்டு ஊரும் ஓவென்று கத்தின. தோட்டத்திலிருந்து பேரலை மிரண்டு ஓடிவந்து, தோராஜி எங்கே என்று தேடி, கிடைக்காமல், இசாமுவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது.

"பார்றா, ஆளைத் தெரியாம வந்துட்டான்," என்றான் தோராஜி.

"தெரிஞ்சுதான் வந்திருக்கான்," என்று இசாமு அதன் நெற்றியைத் தடவிக்கொடுத்தான். "மச்சான், மெதுவா தூக்கிப் போட்டிருக்கலாம். இடுப்பு போச்சு."

"மெதுவாவா? உன்னைத் தூக்கினதுல என் இடுப்பு எங்க இருக்குன்னே தெரியல. என் தங்கச்சி என்னத்தைடா ஆக்கிப் போடுறா உனக்கு?"

எல்லாரும் சாகேயும் கணவாய்க் கருவாடுமாக முற்றத்தில் உட்கார்ந்தபோது, ஒசாகா அம்மாள் நோட்டோடு சுமியேயின் பக்கத்தில் வந்து நகர்ந்து உட்கார்ந்தாள்.

"இவ்வளவு தூரம் நடந்து வந்தாச்சு. இப்பவாவது சொல்லுங்க, கடைசியில யாரு ஜெயிச்சதுன்னு எழுதட்டும்?"

மைக் இல்லை. சுமியே எழுந்து நின்றாள். அந்தச் சிவப்புக் கிண்ணத்தையே மைக் மாதிரி வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டாள். புருஷனையும் அண்ணனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மூன்று வருடமாகச் சொல்லாத வரியை ஒரு எழுத்து விடாமல் சொன்னாள்.

"எங்க தீவுல மாடு முட்டினாலும் சரி, மனுஷன் மல்லுக்கு நின்னாலும் சரி, தோத்தவங்கன்னு யாரும் கிடையாது."